பத்து விநாடிப் பதம்

நாக்கின் அடிவேரில் வந்த புற்றுநோய்க்காக என் மனைவிக்கு 35 முறை கதிர்வீச்சு கொடுத்தார்கள், மொத்தம் 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. கட்டி கரைந்தது. ஆனால் விழுங்குவது பெரும்பாடாகிவிட்டது. மூக்கு வழியாக உணவு கொடுக்கப் போட்டிருந்த ரைல்ஸ் ட்யூபை எடுத்து வீட்டுக்கு அனுப்பும்போது, டிஸ்சார்ஜ் சீட்டில் சாப்பாட்டைப் பற்றி ‘மென்மையான உணவு’ என்று ஒரே ஒரு வரி இருந்தது. இட்லி மென்மையா? ரசம்? தண்ணீர் கொடுக்கலாமா கூடாதா? அந்த ஒரு வரியை எங்கள் அடுப்படியில் அளக்கக்கூடிய ஒன்றாக எப்படி மாற்றிக்கொண்டோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கணவனுக்கோ மனைவிக்கோ இதே நிலை வந்து, கையில் கரண்டியோடு திகைத்து நிற்கும் யாருக்காவது உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே வரும் பதம் என் மனைவியின் தொண்டையைப் பரிசோதித்து அவளுக்கென்று சொன்னது. அளக்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பதம் என்பதை உங்கள் ஸ்பீச் தெரபிஸ்டிடம் கேட்டு வாங்குங்கள். பேச்சுப் பயிற்சி தருகிறவர்கள்தான் விழுங்கும் பயிற்சியும் தருகிறார்கள் என்பதே நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. எங்களுக்கும் யாரும் தானாக வந்து சொல்லவில்லை, கேட்டுத்தான் போனோம்.

எக்ஸ்ரே வீடியோவில் தெரிந்தது

தெரபிஸ்ட் முதலில் செய்யச் சொன்னது வீடியோ ஃப்ளூரோஸ்கோபி. எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் பேரியம் கலந்த தண்ணீர், கொஞ்சம் கெட்டியான திரவம், கூழ் என்று ஒவ்வொன்றாக விழுங்கச் சொல்லி, அது தொண்டையில் இறங்குவதைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே வீடியோவாக எடுப்பார்கள். என்னையும் திரை முன்னால் உட்கார வைத்து விளக்கினார். அந்தக் கொஞ்ச நேர வீடியோ அளவுக்கு எனக்குப் புரியவைத்தது வேறு எதுவும் இல்லை.

நாம் விழுங்கும்போது நாக்கின் வேர் பின்னால் போய்த் தொண்டைச் சுவரை அழுத்தி உணவைக் கீழே தள்ளுகிறது. அதே நேரத்தில் குரல்வளை மேலே எழும்பி, மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்கிறது. கதிர்வீச்சு பட்ட தசை விறைத்துப்போவதால் அவளுடைய நாக்கின் வேர் சுவர்வரை போகவே இல்லை. தண்ணீரைக் கொடுத்தபோது, மூச்சுக்குழாய் மூடுவதற்கு முன்பே ஒரு மெல்லிய கறுப்புக் கோடு அதற்குள் இறங்கியது. அவள் இருமவில்லை. அங்கே உணர்ச்சி மங்கிப்போயிருந்தால் இருமலே வராது என்றார் தெரபிஸ்ட். ‘புரையேறவில்லை, அதனால் சரியாகத்தான் போகிறது’ என்று வீட்டில் நினைப்பதற்கு இடமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அடுத்துக் கூழ் கொடுத்தார்கள். அது மூச்சுக்குழாய்க்குள் போகவில்லை. ஆனால் நாக்கின் வேருக்கும் குரல்வளை மூடிக்கும் நடுவே ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. பாதிக் கூழ் அதில் தங்கிவிட்டது. அடுத்த மூச்சில் அது சரிந்து உள்ளே போகலாம். ‘தண்ணியா கொடுக்காதீங்க, கெட்டியா கொடுங்க’ என்று எல்லோரும் சொல்வது பாதிதான் சரி. ரொம்ப நீர்த்தால் நுரையீரலுக்கு ஆபத்து, ரொம்பக் கெட்டியானால் தொண்டையில் தேக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகிய இடம் இருக்கிறது. ஒவ்வொரு வேளையும் சாப்பாடு அந்த இடத்தில் விழ வேண்டும்.

சிரிஞ்ச்

விழுங்கச் சிரமப்படுகிறவர்களின் உணவுக்கென்று ஐ.டி.டி.எஸ்.ஐ. என்று ஒரு பன்னாட்டு அளவுமுறை இருக்கிறது. திரவமும் உணவும் சேர்த்து 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். 0 என்றால் தண்ணீர், 7 என்றால் வழக்கமான சாப்பாடு. என் மனைவிக்குச் சொன்னது நிலை 2. அதை அளக்கும் கருவி மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 10 மி.லி. சிரிஞ்ச், ஊசி இல்லாமல். ஆனால் எல்லா 10 மி.லி. சிரிஞ்சும் ஒரே நீளமில்லை. 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கடையிலேயே ஸ்கேல் கொண்டுபோய் அளந்து வாங்கினேன்.

பிஸ்டனை உருவி எடுத்துவிட்டு, நுனியை விரலால் அடைத்து, 10 கோடு வரை திரவத்தை ஊற்ற வேண்டும். விரலை எடுத்ததும் சரியாக 10 விநாடி. மறுபடி விரலால் அடைத்து எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும். 1 மி.லி.க்கும் குறைவாக நின்றால் நிலை 0. 1 முதல் 4 வரை நின்றால் நிலை 1. 4 முதல் 8 வரை நிலை 2. 8-க்கு மேல் நின்று கொஞ்சமாகச் சொட்டினால் நிலை 3. பத்தும் அப்படியே அசையாமல் நின்றால் நிலை 4. அதற்கு சிரிஞ்ச் உதவாது, ஸ்பூனைச் சாய்த்தும் முள்கரண்டியில் எடுத்தும் பார்க்கும் வேறு சோதனைகள் இருக்கின்றன.

நிலை 2-க்குள்ளேயே எங்களுக்கு 5-லிருந்து 7 மி.லி. வரை நிற்பது நன்றாக ஒத்துப்போகிறது. 7-ஐத் தாண்டினால் ‘தொண்டையில நிக்குதுங்க’ என்று அவளே சொல்லிவிடுவாள். அடுப்புக்கு மேலே காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் இந்த எண்களை எழுதி ஒட்டியிருக்கிறேன். நான் இல்லாத நேரத்தில் அத்தை சமைத்தாலும் அதைப் பார்த்து அளந்துதான் கொடுப்பார்.

கேழ்வரகுக் கஞ்சி என்ன செய்கிறது

அளக்க ஆரம்பித்த பிறகுதான் நம் சாப்பாடு எவ்வளவு வேகமாகப் பதம் மாறுகிறது என்று தெரிந்தது. கேழ்வரகுக் கஞ்சியை அடுப்பிலிருந்து இறக்கியதும் சிரிஞ்சில் விட்டால் சரசரவென்று ஓடி 2 மி.லி.தான் நிற்கும். அதே கஞ்சி வெதுவெதுப்பாக ஆறியதும் 6. இன்னும் கொஞ்சம் விட்டால் ஆடை கட்டி, 9-ஐத் தாண்டிவிடும். மாவுச்சத்து ஆற ஆற இறுகும். அதனால் சூட்டில் அளப்பதில் அர்த்தமே இல்லை; வாயில் வைக்கும் சூட்டில்தான் அளக்க வேண்டும்.

நான் செய்வது இப்படி. மாவைத் தண்ணீரில் கரைத்து ஒருமுறை வடிகட்டுகிறேன். கைவிடாமல் கிண்டிக் கொதிக்க வைத்து இறக்கி, வெதுவெதுப்பாகும்வரை விடுகிறேன். ஆடை எடுத்துவிட்டு, மறுபடி வடிகட்டி, ஒரு தடவை அளக்கிறேன். கெட்டியாக இருந்தால் வெதுவெதுப்பான பாலை ஒவ்வொரு ஸ்பூனாகச் சேர்த்து அளக்கிறேன். இவ்வளவு மாவுக்கு இவ்வளவு தண்ணீர் என்று நான் கணக்குச் சொன்னால் அது உங்கள் வீட்டில் பொய்யாகிவிடும். அரைத்த மாவு ஒன்று, முளைகட்டி அரைத்த மாவு ஒன்று, கடை மாவு ஒன்று. எதுவும் ஒரே மாதிரி இறுகுவதில்லை. முளைகட்டியது நீர்த்தே நிற்கும்.

எச்சிலும் ஒரு வேலை செய்கிறது. எச்சிலில் இருக்கும் அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைக்கும். எச்சில் பட்ட ஸ்பூனைக் கிண்ணத்தில் விட்டு விட்டு எடுத்தால், பாதிச் சாப்பாட்டில் மீதிக் கஞ்சி நீர்த்துப்போயிருக்கும். அதனால் பெரிய பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு, சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொடுக்கிறேன். கிண்ணத்தில் மிஞ்சியதைத் திரும்பக் கொட்டுவதில்லை.

திரவத்தைக் கெட்டிப்படுத்தும் பொடி வாங்கும்போதும் இதைப் பாருங்கள். சிலவற்றில் மாவுச்சத்து, சிலவற்றில் சாந்தன் கம் என்ற பிசின். சாந்தன் கம்மை எச்சில் உடைக்காது, ஆறினாலும் பெரிதாக மாறாது. ரசம், காபி, பருப்புத் தண்ணீர் எல்லாவற்றுக்கும் அதுதான். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டிவிடும். முள்கரண்டியால் அடித்துக்கொண்டே தூவ வேண்டும். அப்புறம் பொறுமையாக விட வேண்டும். பாலில் இன்னும் அதிக நேரம் எடுக்கும். கலந்த கையோடு பார்த்துவிட்டு ‘பத்தவில்லை’ என்று இன்னொரு ஸ்பூன் போட்டால் பிறகு களியாகிவிடும்.

எது ஆகும், எது ஆகாது

கலவைப் பதம்தான் பெரிய எதிரி. ரசம் சாதத்தில் பருக்கையும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. பருக்கையை வாய் கவனித்துக்கொண்டிருக்கும்போது ரசம் தனியாக ஓடிவிடும். சேமியா பாயசம், சாம்பார் இட்லி, பாலில் ஊறவைத்த பிஸ்கட் எல்லாம் இதே வகை. வெறும் இட்லி உதிர்ந்து ஒட்டும். ஐஸ்கிரீமும் ஜெல்லியும் பார்க்கக் கெட்டி. வாய்ச் சூட்டில் தண்ணீராகிவிடும். சொந்தக்காரர்கள் அன்போடு வாங்கி வருவது பெரும்பாலும் ஐஸ்கிரீமும் இளநீரும்தான். ‘தொண்டைக்கு இதமா இருக்கும்’ என்பார்கள். அவர்கள் மனம் கோணாமல் வாங்கி வைத்துக்கொண்டு, இளநீரைக் கெட்டிப்படுத்திக் கொடுப்பேன்.

சாதம், பாசிப்பருப்பு, கொஞ்சம் காய் மூன்றையும் குக்கரில் குழைய வேகவைத்து அரைப்பது எங்கள் மதியச் சாப்பாடு. மிக்ஸியின் பெரிய ஜாரில் திப்பி நிற்கிறது. சட்னி ஜாரில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்தால் வழவழவென்று வருகிறது. சூடாக மூடி போட்டு அரைக்காதீர்கள், ஆவி மூடியைத் தள்ளிவிடும். அரைத்ததைச் சல்லடையில் போட்டுக் கரண்டியின் முதுகால் தேய்த்து இறக்க வேண்டும். முருங்கைக்கீரை நார் எவ்வளவு அரைத்தாலும் சல்லடையில்தான் நிற்கும். அது தொண்டையில் நிற்பதற்குச் சல்லடையில் நிற்பதே மேல்.

அளவாகச் சாப்பிடுகிறவர்களுக்கு ஒவ்வொரு ஸ்பூனும் சத்தோடு இருக்க வேண்டும். டயட்டீஷியன் ஒரு கிலோ எடைக்கு 30 கலோரி என்று கணக்குச் சொன்னார். என் மனைவி 50 கிலோ, ஆக ஒரு நாளைக்கு 1,500. தண்ணீராகக் கரைத்த கஞ்சியில் அது எட்டவே எட்டாது. 5 கிராம் நெய்யில் சுமார் 45 கலோரி. அதனால் எல்லாவற்றிலும் நெய். பால் பவுடர், நன்றாக வேகவைத்து அரைத்த முட்டை, நைசாக அரைத்த வேர்க்கடலை என்று கலந்து கொடுக்கிறேன். வாரம் ஒருமுறை அதே தராசில், அதே நேரத்தில் எடை பார்த்து எழுதுகிறோம்.

மிளகாயும் மிளகும் வாயை எரிக்கின்றன. ஆனால் உப்புச் சப்பில்லாமல் அரைத்து வைத்தால் யாருக்குத்தான் சாப்பிடத் தோன்றும்? பெருங்காயமும் சீரகமும் எங்களைக் காப்பாற்றுகின்றன. தாளித்த எண்ணெயை வடிகட்டி மேலே விட்டால், கடுகும் கறிவேப்பிலையும் வாயில் தட்டாமல் வாசனை மட்டும் இறங்கும். சாதம், பருப்பு, காய் மூன்றையும் ஒன்றாக அரைத்தால் பழுப்பாக ஏதோ ஒன்று வருகிறது. அதனால் பூசணியைத் தனியாக, பருப்பு சாதத்தைத் தனியாக அரைத்து, தட்டில் பக்கம் பக்கமாக வைக்கிறேன். எது எது என்று தெரிந்து சாப்பிடுவது அவளுக்கு வேண்டும். எனக்கும் அது முக்கியமாகப் படுகிறது.

மூக்குக்கு இடம் விட்ட தம்ளர்

நம் வீடுகளில் தம்ளரைத் தூக்கி அண்ணாந்து குடிப்போம். அவளுக்கு அது கூடவே கூடாது. தலை பின்னால் சாய்ந்தால் திரவம் வேகமாகத் தொண்டைக்குள் விழும். மோவாயைக் கொஞ்சம் நெஞ்சுப் பக்கம் இறக்கி வைத்து விழுங்கச் சொல்லியிருக்கிறார்கள். (இதுவும் வீடியோவில் பார்த்து, அவளுக்கு உதவுகிறது என்று உறுதி செய்த பிறகு சொன்னதுதான்.) வாய் வைத்துக் குடித்தாலும் தம்ளரில் பாதிக்குக் கீழே போனதும் விளிம்பு மூக்கில் இடிக்கும். இடித்தால் தலை தானாகவே பின்னால் போகும்.

இதற்கென்று மூக்குப் பக்கம் வெட்டிய கப் விற்கிறார்கள். நான் வீட்டிலேயே செய்தேன். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருக்கும் பிளாஸ்டிக் தம்ளர் நல்லது. வெதுவெதுப்பான சூட்டைத் தாங்கும், வெட்டினால் வெடிக்காது. விளிம்பில் ஒரு பக்கம் மார்க்கரால் அரைவட்டம் வரைந்தேன். மேலே இரண்டு அங்குல அகலம், கீழே ஒன்றரை அங்குல ஆழம். தடித்த கத்தரியால் கோட்டுக்கு உள்ளேயே வெட்டிக்கொண்டு, மீதியை அரத்தால் கோடுவரை கொண்டுவந்தேன். முதலில் 120 எண் உப்புத்தாள், அப்புறம் 400 எண். விரலை ஓட்டிப் பார்த்து, பிறகு ஒரு பஞ்சைத் தேய்த்துப் பார்க்க வேண்டும். பஞ்சு இழை எங்கேயாவது மாட்டினால் அங்கே இன்னும் பிசிறு இருக்கிறது. தேய்த்த தூள் போகச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வெட்டிய பக்கம் மூக்கைப் பார்த்திருக்க, எதிர்ப்பக்க விளிம்பில் வாய் வைத்துக் குடிக்க வேண்டும். இப்போது தம்ளர் கடைசிவரை சாய்ந்தாலும் மோவாய் மேலே போவதில்லை. வெட்டின ஆழத்துக்கு மேல் ஊற்ற முடியாது என்பதால் ஒரே மூச்சில் நிறையக் குடிப்பதும் நின்றது.

சாப்பிடும் நேரம்

கட்டிலில் சாய்ந்து சாப்பிடுவது இல்லை. நேர் முதுகு உள்ள நாற்காலி, பாதம் தரையில் பட வேண்டும். டீஸ்பூன் அளவுதான் வாய்க்கு. அழுத்தி ஒருமுறை விழுங்கல், வெறும் வாயில் இன்னொரு விழுங்கல், பிறகு தொண்டையைக் கனைத்து ‘ஆ’ என்று ஒரு குரல். குரலில் ஈரம் கலந்து களகளவென்று கேட்டால், குரல்வளை மேல் ஏதோ தேங்கியிருக்கிறது. இருமி மறுபடி விழுங்க வேண்டும். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருப்பாள்.

ஆரம்பத்தில் நான் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருப்பேன். ‘பரீட்சை ஹால்ல சூப்பர்வைசர் நிக்கிற மாதிரி இருக்கு’ என்றாள். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து என் தட்டில் நானும் சாப்பிடுகிறேன். காது மட்டும் அவள் குரலில் இருக்கும். ஊட்டிவிடுவதில்லை. தானே எடுத்துச் சாப்பிட்டால்தான் எப்போது அடுத்த வாய் என்று தொண்டைக்குத் தெரியும். அடுத்தவர் கை அந்த வேகத்துக்கு ஒத்துப்போகாது. ஒரு வேளைச் சாப்பாடு ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று விட்டுவிட்டோம். பேச்சு, டிவி, போன் எதுவும் கிடையாது.

மாத்திரைகளைப் பொடிக்கும் முன் ஒவ்வொன்றுக்கும் மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மெதுவாகக் கரைவதற்கென்று செய்த மாத்திரையைப் பொடித்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக உடம்பில் ஏறிவிடும்.

வாயும் தசையும்

நுரையீரலில் சளி பிடிக்கக் காரணம் உணவு மட்டும் இல்லை. வாயில் இருக்கும் கிருமி எச்சிலோடு உள்ளே போவதும்தான். கதிர்வீச்சில் எச்சில் வற்றிவிட்டதால் வாய் தன்னைத் தானே கழுவிக்கொள்வதில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. சாப்பாட்டுக்கு முன்பும் பின்பும் அதில் வாய் கொப்பளிக்கிறாள். அண்ணாந்து தொண்டைக்குள் கொப்பளிப்பது இல்லை, கன்னத்துக்குள் அலசித் துப்புவது மட்டும். மென்மையான பிரஷ், ஃப்ளூரைடு பேஸ்ட். பல் பிடுங்க வேண்டி வந்தால் கதிர்வீச்சு எடுத்ததைச் சொல்லாமல் பிடுங்கவே கூடாது. தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

வாய் திறப்பு 35 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் தாடை இறுக்கம் என்கிறார்கள். டாக்டர் நாக்கை அழுத்திப் பார்க்கும் மரக்குச்சிகளை அடுக்கி, பற்களுக்கு இடையே வைத்துப் பிடிக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பழகியதும் நடுவில் இன்னொரு குச்சி செருக வேண்டும். வலிக்கும்படி திணிக்கக் கூடாது. விழுங்கும் பயிற்சிகளில் ஒன்று, நாக்கு நுனியைப் பற்களுக்கு இடையே பிடித்துக்கொண்டு எச்சிலை விழுங்குவது. வாயில் உணவு இருக்கும்போது அதைச் செய்யவே கூடாது. இன்னொன்று, மல்லாந்து படுத்துத் தோளைத் தூக்காமல் தலையை மட்டும் தூக்கிக் கால்விரலைப் பார்ப்பது. வாய் வறண்டு எச்சிலே வராதபோது முதல் பயிற்சி கொடுமையாக இருக்கும். முன்னால் வாயை நனைத்துக்கொண்டால் முடிகிறது.

ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தினர், தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு பெற்ற ஏறக்குறைய 500 பேரைப் பற்றி 2013-இல் எழுதியதை தெரபிஸ்ட் சொன்னார். சிகிச்சைக் காலத்தில் வாயால் சாப்பிடுவதை விடாமல், பயிற்சியும் செய்தவர்களுக்குத்தான் பிறகு விழுங்குவது நன்றாக இருந்திருக்கிறது. சிகிச்சை இன்னும் தொடங்காத குடும்பம் யாராவது இதைப் படித்தால், முதல் நாளுக்கு முன்பே தெரபிஸ்டைப் பார்த்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். இந்தத் தசை சும்மா இருந்தால் இறுகிப்போகும். வருடங்கள் கழித்தும் இறுகலாம் என்பதால், ‘இப்போ நல்லாத்தானே இருக்கு’ என்று பயிற்சியை நிறுத்துவதில்லை.

தண்ணீர்

அவளுக்கு இருந்த ஒரே பெரிய ஏக்கம் வெறும் தண்ணீர். கெட்டிப்படுத்திய தண்ணீர் தாகத்தைத் தணிக்கவே தணிக்காது. ‘சாதம் வேண்டாம்ங்க, ஒரு மடக்கு பச்சைத் தண்ணி குடுங்க’ என்று கேட்டபோது என்னால் முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. தெரபிஸ்டிடம் இதைச் சொன்னோம். சிலருக்கு, ஆளைப் பார்த்து, ஒரு ஏற்பாடு உண்டு என்றார். சாப்பாட்டோடு கிடையாது. சாப்பிட்டு அரை மணி கழித்து, வாயை நன்றாகச் சுத்தம் செய்த பிறகு, நேராக உட்கார்ந்து, ஸ்பூனால் சுத்தமான தண்ணீர் கொஞ்சம். சுத்தமான தண்ணீர் சிறிதளவு உள்ளே போனாலும் நுரையீரல் அதை உறிஞ்சிக்கொள்ளும். உணவும் கிருமியும் சேர்ந்து போனால்தான் ஆபத்து. அவளுடைய நெஞ்சைப் பரிசோதித்து, நடமாட்டத்தையும் பார்த்துவிட்டுத்தான் அனுமதித்தார். காய்ச்சல், புதிதாகச் சளி, மூச்சு வாங்கல், காரணம் தெரியாமல் எடை குறைதல், இதில் எது வந்தாலும் அன்றைக்கே தண்ணீரை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு.

கல்யாணத்துக்குப் போகும்போது ஒரு பை வைத்திருக்கிறோம். அளந்து எடுத்த சாப்பாடு டப்பாவில், சாந்தன் கம் பொடி, சிரிஞ்ச், வெட்டிய தம்ளர், கொப்பளிக்கும் தண்ணீர். ஃப்ளாஸ்க்கில் கஞ்சி கொண்டுபோவதில்லை, வழியிலேயே இறுகிவிடும். பந்தியில் உட்காருவாள். இலையில் பாயசம் மட்டும் வாங்கி, என் சின்ன மிக்ஸி வேலையை மண்டபத்துச் சமையலறையில் முடித்து, வடிகட்டிக் கொண்டுவந்து கொடுப்பேன். சமையல்காரர்கள் யாரும் இதுவரை இடம் தர மறுத்ததில்லை.

போன முறை எடுத்த வீடியோவில் நாக்கின் வேர் முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பின்னால் போகிறது, தேக்கம் குறைந்திருக்கிறது என்றார்கள். இனி உணவில் நிலை 5-ஐத் தொடங்கிப் பார்க்கலாம். துண்டுகள் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, ஈரமாக இருக்க வேண்டும், தனியாகத் தண்ணீர் பிரியக் கூடாது. முள்கரண்டியின் இரண்டு பற்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி கிட்டத்தட்ட அதே 4 மில்லிமீட்டர். இதற்கு அவள் கேட்டிருப்பது வத்தக்குழம்பு. மிளகாயைக் குறைத்து, குழம்பை வடிகட்டிக் கெட்டிப்படுத்தி, குழைந்த சாதத்தில் பிசைந்து, முள்கரண்டியால் அழுத்திப் பார்த்துச் செய்யப்போகிறேன். புளி மட்டும் குறைக்கக் கூடாதாம்.